தலைக்குப் போடும் ஷாம்புவில் பெயர் இருக்கிறது, காருக்குப் போடும் ஷாம்புவில் இல்லை

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து புளியரை வரைக்கும் ரோட்டோரத்து வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிற வண்டி, மலையிறங்கி வருகிற வண்டி, அடைமழைச் சேறு, பானெட்டில் காய்ந்து ஒட்டிப்போன சாமந்தியும் சந்தனமும் என்று தை பிறக்கும்வரை ஓய்வே இருக்காது. என் மச்சினன் அப்படி ஒரு கடையில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறான். போன சீசன் முடிந்து பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், சோறு போட்டதும் ஸ்பூன் கேட்டான். எங்கள் வீட்டில் ரசம் சாதத்தை யாரும் ஸ்பூனால் சாப்பிட்டதில்லை. "கை எரியுது அத்தான்" என்றான். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, முட்டிகளின் மேல்தோல் பாளம் பாளமாக வெடித்து, மோதிரம் போடுகிற இடத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கோடு போட்டதுபோல அது நின்றிருந்தது, சரியாக ஃபோம் படுகிற உயரம் வரைக்கும்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம், அதை நிறுத்து என்றார் என் மாமியார். கடைக்கார அண்ணாச்சி சேற்றுப்புண் என்று சொல்லி மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிக் கொடுத்தார். அது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீம், போட்டால் நாலு நாளில் சிவப்பு அமுங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். இந்த வகைக் கிரீமை டாக்டர் சொல்லாமல் மாதக்கணக்கில் போடுவது தனி ஆபத்து: தோல் மெலிந்துபோகும், உண்மையிலேயே படர்தாமரை இருந்தால் அது உருவம் மாறி அடையாளமே தெரியாமல் பரவும். அவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் அவன் கை தினமும் எட்டு மணி நேரம் எதில் முங்கியிருக்கிறது, அந்தக் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்பது, நான் உட்பட, யாருக்கும் தோன்றவில்லை.

கையில் வருகிற இந்தச் சொறியில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன செய்தாலும் பலன் இருக்காது. ஒன்று எரிச்சல் வகை. சோப்பு, காரம், அமிலம், டீசல் இப்படி எதுவானாலும் தோலின் மேலடுக்கில் இருக்கிற எண்ணெய்ப் பூச்சை அரித்துக் கரைத்துவிட்டால், போதுமான நேரம் பட்டால் யாருக்கு வேண்டுமானாலும் வரும். வேலையால் வரும் கைச்சொறியில் பெரும்பங்கு இதுதான். வெறும் தண்ணீரே இதற்குப் போதும். ஜெர்மனியில் வேலையிடப் பாதுகாப்பு விதிகளில் 'ஈரவேலை' என்று தனியாகவே ஒரு வகை வைத்திருக்கிறார்கள், ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை நனைந்திருந்தாலே அது அந்தக் கணக்கில் வந்துவிடும். நம் வாட்டர் சர்வீஸ் பையன்களுக்கு அந்த 2 மணி நேரம் காலை டீக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது ஒவ்வாமை வகை. இது எல்லோருக்கும் வராது. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை எதிரி என்று ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால், அதற்கப்புறம் அது துளி பட்டாலும் தோல் பொங்கும். வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாத பொருள் திடீரென்று ஒருநாள் சேராமல் போவது இதனால்தான், ஆகவே "அஞ்சு வருஷமா இதே ஷாம்புதானே போடுறேன்" என்பது அந்த ஷாம்பு நிரபராதி என்பதற்குச் சாட்சி ஆகாது. பட்ட உடனேயும் தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் அரிப்பு கிளம்பும். செவ்வாய்க்கிழமை பட்டது வியாழக்கிழமை தெரிந்தால், வியாழக்கிழமை சாப்பிட்ட கருவாட்டின் மேல் பழி விழுவது இயற்கைதான்.

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டாம் வகைக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. செங்கோட்டை என்ற ஊர்ப்பேரோடு ஓசையில் ஒட்டிப்போகிற சேங்கொட்டை. அதன் சாற்றால்தான் சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறி போடுவார்கள், அந்தக் கறை எத்தனை வெளுப்புக்கும் போகாது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பிடரியில் சொறி வந்தபோது, காலரின் உள்பக்கத்தில் சலவைக்குறி இருந்த இடமும் சொறியின் இடமும் ஒன்றாக இருப்பதை ராணுவ டாக்டர்கள் கவனித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கிற பெண்களின் கையைக் கருக்கிக் கொப்புளமாக்குவது முந்திரித் தோட்டுப் பால், அதுவும் சேங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். இந்த இரண்டு இடத்திலும் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. கையில் எண்ணெயைத் தடவிக்கொள்ளலாம், சாம்பலைப் பூசிக்கொள்ளலாம், குறி போடும் மையை மாற்றச் சொல்லலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் வரிசையாக நிற்கிற கேன்களுக்குள் இருப்பதற்குப் பெயர் இல்லை.

சரி, அந்தக் கேன்களுக்குள் பொதுவாக என்னதான் இருக்கும்? முதலில் ஷாம்பு. பெரும்பகுதி தண்ணீர், அதில் நுரை தருகிற பொருள், கொஞ்சம் நிறம், கொஞ்சம் வாசனை. தண்ணீர் சேர்ந்த எதுவும் கெட்டுப்போகும், பாக்டீரியா வளரும், அதனால் ஒரு பாதுகாப்புப் பொருள் சேர்த்தே ஆக வேண்டும். அதில் பரவலான ஒன்று மெத்தில்ஐசோதையசோலினோன், சுருக்கமாக எம்.ஐ., பெரும்பாலும் அதன் குளோரின் சேர்ந்த அண்ணனோடு ஜோடியாக வரும். ஐரோப்பாவில் 2005-ல் இதை அழகுசாதனங்களில் தனியாக 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, போட அனுமதித்தார்கள். அடுத்த சில வருடங்களில் ஒவ்வாமை நோயாளிகள் மளமளவென்று கூடிப்போய், 2013-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் இதையே 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. 2017-ல் ஐரோப்பா தோலில் பூசி விட்டுவிடுகிற கிரீம்களில் எம்.ஐ.யைத் தடை செய்தது, 2018 முதல் கழுவி விடுகிற பொருள்களில் 15 பிபிஎம் என்று குறைத்தது. 15 பிபிஎம் என்றால் எவ்வளவு தெரியுமா? மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் டாங்க் நிறையத் தண்ணீர், அதற்குள் மூன்று டீஸ்பூன், அவ்வளவுதான். இதே எம்.ஐ. பெயின்ட்டிலும் இருக்கிறது, புதிதாகப் பெயின்ட் அடித்த அறையில் உட்கார்ந்தாலே சிலருக்கு முகம் வீங்குகிறது.

கேனில் பெரிய எழுத்தில் "பிஎச் நியூட்ரல்", அதாவது அமிலமும் இல்லை காரமும் இல்லை, என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கைக்கு நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். அது எரிச்சல் வகைக்கு மட்டும் ஓரளவு ஆறுதல். ஒவ்வாமைக்கும் பிஎச்சுக்கும் சம்பந்தமே இல்லை. நியூட்ரல் ஷாம்புவிலும் எம்.ஐ. இருக்கலாம், வாசனைப் பொருள் இருக்கலாம்.

அப்புறம் சேறும் கிரீஸும் கழற்றுகிற கார வகைகள். இவற்றில் காஸ்டிக் சோடா, மெட்டாசிலிகேட் போன்றவை இருக்கும், பிஎச் 12, 13 வரை போகும். நம் தோலின் இயல்பு 5-ஐ ஒட்டிய லேசான அமிலம், ஆகவே இது பட்டதும் விரல் வழுவழுவென்று இருக்கிறதே, அது தோலின் கொழுப்பே சோப்பாகிக் கரைகிற வழுவழுப்பு. ஆரஞ்சுப் பழ வாசனை அடிக்கிற டீகிரீசர்களில் லிமோனீன் இருக்கும். புதிதாக இருக்கும்போது அது சாது, மூடி திறந்து காற்றுப்பட்டுப் பழசாக ஆக அதில் உண்டாகிற பெராக்சைடுகள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. மூடாமல் பல மாதம் கிடக்கிற கேன் புதுக்கேனைவிட மோசம் என்று இதற்கு அர்த்தம். வீல் மேல் அடித்தால் ஊதா நிறத்தில் வழிகிறதே ஒரு இரும்புத்தூள் ரிமூவர், அழுகிய முட்டை நாற்றத்தோடு, அதில் இருப்பது தையோகிளைகாலேட், பார்லரில் முடியைச் சுருட்டவும் நேராக்கவும் போடுகிற அதே குடும்பத்துப் பொருள், அதுவும் தோலுக்கு ஆகாது.

நான் உண்மையிலேயே பயப்படுவது அலாய் வீல் பளபளக்கவும் கண்ணாடியில் உப்புத்தண்ணீர்க் கறை போகவும் விற்கிற சில ஆசிட் வகைகளைப் பார்த்துத்தான். எல்லாவற்றிலும் இல்லை, சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ, தண்ணீரில் கரைந்து அதையே தருகிற அமோனியம் பைபுளோரைடோ இருக்கும். புளியரை தாண்டினால் தென்மலை, புனலூர் வரைக்கும் ரப்பர்த் தோட்டம். ரப்பர்ப் பாலைத் திரிய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டைப் பழகிய ஆட்களுக்கு ஆசிட் என்றால் பட்ட உடனே சுரீரென்று தெரியும், உடனே கழுவுவார்கள் என்பதுதான் அனுபவம். இந்தப் புளோரைடு ஆசிட் நீர்த்த நிலையில் அப்படிக் காட்டிக்கொடுக்காது. காலையில் பட்டது ராத்திரி வலிக்கலாம், 24 மணி நேரம்கூடக் கழியலாம். அதற்குள் புளோரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி அங்கிருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் மேலே சாதாரணமாகத் தெரியும், நகத்துக்கு அடியில் உயிர்போகிற வலி இருக்கும். நிறையப் பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும். இதற்கு முதலுதவி: தாராளமான தண்ணீரில் உடனே கழுவுவது, கால்சியம் குளுகோனேட் ஜெல் தேய்ப்பது, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது. அங்கே போய் "புளோரைடு பட்டது" என்று சொன்னால்தான் டாக்டர் அந்த ஜெல்லைத் தேடுவார். "ஏதோ வீல் ஆசிட் டாக்டர்" என்று சொன்னால் சாதாரண ஆசிட் காயத்துக்குக் கட்டுப்போட்டு அனுப்பவும் வாய்ப்பிருக்கிறது. கேனில் அந்த ஒரு சொல் அச்சாகியிருக்கிறதா இல்லையா என்பதில் ஒருவனின் விரலே அடங்கியிருக்கிறது.

மச்சினன் கடையில் நான் பார்த்த வீல் ஆசிட் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனில் இருந்தது. ஏற்கெனவே வேறெதற்கோ இருந்த கேன், லேபிள் ஊறிக் கிழிந்து பசை மட்டும் மிச்சம், அதன் மேல் மார்க்கர் பேனாவால் 'வீல்' என்று எழுதியிருந்தது. வேனில் கொண்டுவருகிறவர் பெரிய டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவாராம், லிட்டருக்கு இருபது முப்பது ரூபாய் மிச்சம். பக்கத்தில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அதே திரவம், தெளிக்க வசதியாக மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு. தாகத்தோடு வருகிற யாராவது, ஒரு குழந்தை, அதை எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அன்றைக்கே அண்ணாச்சி அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்தினார், அவருக்கு என் நன்றி.

திருநெல்வேலியில் ஒரு தோல் டாக்டரிடம் மச்சினனைக் கூட்டிப்போனேன். அவர் செய்தது பேட்ச் டெஸ்ட். இந்தியாவில் தொடுதோல் நோய்களுக்கான நிபுணர்கள் ஒப்புக்கொண்ட ஒரு வரிசைப் பொருள்கள் இருக்கின்றன, அவற்றைச் சின்னச் சின்ன வில்லைகளில் எடுத்து மேல் முதுகில் வரிசையாக ஒட்டி, 48 மணி நேரம் குளிக்காமல் வியர்க்காமல் வைத்திருந்து, எடுத்ததும் ஒருமுறையும் அதற்கு ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பார்கள். இரண்டாவது முறை போனபோது முதுகில் ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து, தடவினால் தடிப்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அந்த எம்.ஐ. ஜோடிதான். டாக்டரம்மா கேட்டார்: "கடையில நீங்க யூஸ் பண்றது எல்லாத்துலயும் என்ன இருக்குன்னு லிஸ்ட் கொண்டு வரமுடியுமா?" அந்தக் கேனையே எடுத்துவந்து கொஞ்சம் ஒட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். காரமும் ஆசிட்டும் நேராக ஒட்டினால் முதுகு வெந்துவிடும், எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று தெரிந்தால்தான் நீர்க்க வைத்துப் பரிசோதிக்க முடியும், தெரியாத பொருளை ஒட்டவே மாட்டோம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த லிஸ்ட் இல்லையென்றால் வைத்தியமே பாதி வழியில் நின்றுவிடுகிறது.

வீட்டுக்கு வந்து குளியலறையில் இருந்த ஒவ்வொரு பாட்டிலையும் டார்ச் அடித்துப் படித்தோம். தலைக்குப் போடுகிற ஷாம்புவின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், கடைசி வரிக்கு முந்தின வரியில், அந்தப் பெயர் இருந்தது. வேலைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்த இருபது நாளிலும் கை முழுசாக ஆறாததன் காரணம் அதுதான், தினமும் வீட்டிலும் அதே பொருள் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பாட்டிலை மாற்றினோம். கடைக்குப் போய்க் கார் ஷாம்பு கேனைத் திருப்பிப் பார்த்தால் நுரை வழிகிற காரின் படம் இருந்தது, விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது, ஆனால் உள்ளே என்ன என்று ஒரு சொல்கூட இல்லை.

இதில் அந்தக் கம்பெனி சட்டத்தை மீறியதாகவும் சொல்ல முடியவில்லை, அதுதான் மனசை உறுத்துகிறது. நம் நாட்டில் தலை ஷாம்பு அழகுசாதனப் பொருள், அதற்கு 2020-ன் அழகுசாதன விதிகள் பொருந்தும். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தியும், அதற்குக் கீழே இருப்பவற்றை அதன் பின்னாலும் அச்சிட வேண்டும். கார் ஷாம்பு வெறும் பொட்டலப் பொருள். 2011-ன் எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர அளவு, மாதம் வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு போன்றவை இருந்தால் போதும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தலையில் இரண்டு நிமிடம் இருந்து கழுவப்படுகிற ஷாம்புவுக்கு ஒரு சட்டம், ஒருவன் கையில் நாள் முழுக்க வழிகிற ஷாம்புவுக்கு இன்னொரு சட்டம். தோல் ஒன்றுதான்.

வேறு இடங்களில் இது முடிந்திருக்கிறது. ஐரோப்பாவில் 2004-லேயே வந்த சோப்பு-டிடர்ஜென்ட் விதிப்படி, கடையில் விற்கிற கார் ஷாம்பு பாட்டிலிலும் நுரைப்பொருள் வகைகளை 5 சதவீதத்துக்குக் கீழே, 5 முதல் 15 வரை என்பதுபோல அளவோடு சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பொருளை மட்டும் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பெயர் சொல்லியே ஆக வேண்டும். குறிப்பிட்ட வாசனைப் பொருள்கள் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் அவற்றுக்கும் பெயர் வேண்டும். எம்.ஐ. மாதிரிப் பொருளுக்கு அளவு ஒரு காரணமே இல்லை என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2017-ல் சுத்தம் செய்யும் பொருள்களுக்கான தகவலறியும் சட்டம் ஒன்றை இயற்றியது, அதில் வண்டி கழுவ, மெழுகு பூச, பாலிஷ் போட விற்கும் பொருள்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். 2020 முதல் இணையத்தில், 2021 முதல் லேபிளில். கம்பெனியின் தொழில் ரகசியத்துக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் ஆபத்தானவை என்று ஏற்கெனவே பட்டியலிடப்பட்ட பொருளை ரகசியம் என்று மறைக்க முடியாது. நம் ஊரிலும் அதே மாதிரி எழுத என்ன தடை? அங்கே லேபிளில் அச்சடிக்க முடிகிற ஒரு வரியை இங்கேயும் அச்சடிக்கலாம்.

அதுவரை இருக்கிற ஒரே வழி பாதுகாப்புத் தரவுத் தாள், எஸ்.டி.எஸ். என்பார்கள். 16 பகுதிகள் இருக்கும். 2-ல் ஆபத்து, 3-ல் கலவை, 4-ல் முதலுதவி, 8-ல் கையுறை பற்றிய விவரம். கடைக்காரர் கேட்டால் பல கம்பெனிகள் அனுப்புகிறார்கள், கேளுங்கள், குறிப்பாக ஆசிட் வகைக்குக் கேட்காமல் வாங்காதீர்கள். 3-ஆம் பகுதியில் புளோரைடு என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்தக் கேனைத் திருப்பி அனுப்பிவிடுவதுதான் என் யோசனை, சின்னக் கடையில் அதைக் கையாள்கிற வசதி கிடையாது. ஆனால் ஒவ்வாமை விஷயத்தில் இந்தத் தாளை முழுசாக நம்ப முடியாது. ஒவ்வாமைப் பொருள்களை அதில் சொல்ல வேண்டிய பொதுவான வரம்பு 0.1 சதவீதம், அதாவது 1000 பிபிஎம். 15 பிபிஎம்மில் ஆளை வாட்டுகிற பொருள் அந்தச் சல்லடையில் நிற்காமல் நழுவிப் போய்விடலாம்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. போட்டால் போதும் என்பது பாதி உண்மை. மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை அரை மணியில் கிழியும், மணிக்கட்டு வழியாக ஷாம்பு உள்ளே புகுந்தால் வெளியே இருப்பதைவிட உள்ளேதான் அதிகம் ஊறும். முழங்கை வரை வருகிற நைட்ரைல் கையுறை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, நனைந்தால் உடனே மாற்ற இன்னொரு ஜோடி. ரப்பர்க் கையுறையில் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கிற தையுராம் போன்ற பொருள்களே சிலருக்கு ஒவ்வாமை தரும், கையுறை போட்ட அப்புறம் சொறி மணிக்கட்டு வரை ஒரே சீராகப் பரவினால் அதைச் சந்தேகப்பட வேண்டும். வேலை முடிந்ததும் கிரீஸ் போகவேண்டும் என்று டீசலிலும் துணி சோப்புத்தூளிலும் கை தேய்த்துக் கழுவுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, சாதாரண சோப்பில் கழுவி, மறுபடி கொஞ்சம் எண்ணெயோ வாசலினோ பூசினால் போதும்.

மச்சினன் இப்போது ஃபோம் பக்கம் போவதில்லை, உள்ளே வேக்குவம் போடுகிற வேலையும் பில் வேலையும் பார்க்கிறான். கை முக்கால்வாசி ஆறிவிட்டது, ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறான். அவன் விட்ட இடத்தில் இப்போது பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் நிற்கிறான், அவனுக்காகத்தான் அண்ணாச்சி கேனில் இருந்த புகார் எண்ணுக்குப் போன் செய்தார். நாலு நாள் கழித்து மெயிலில் ஒரு தாள் வந்தது. 3-ஆம் பகுதியில் "பாதுகாப்புப் பொருள், 1 சதவீதத்துக்குக் கீழ்" என்று மட்டும் இருந்தது. அந்தப் பொருளின் பெயர் என்ன என்று ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை புதுக்கேனைத் திறப்பதில்லை என்று அண்ணாச்சி அதை ஆபீஸ் ரூமில் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறார்.